ஐப்பசியில் வெளுத்துப்போன பெரோவ்ஸ்கைட் படலம்: மதுரைப் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் நடந்த நிகழ்வு ஆய்வு

புரட்டாசி வரை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று வந்துகொண்டிருந்த பெரோவ்ஸ்கைட் (சூரிய மின்கலத்தில் வெளிச்சத்தை உறிஞ்சும் ஒரு படிகப் பொருள்) படலம், ஐப்பசி மழை பிடித்ததும் வெள்ளை பூத்து வர ஆரம்பித்தது. பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டைகள் வேறு. ரெசிப்பி மாறவில்லை, பாட்டில் மாறவில்லை, செய்கிற கையும் மாறவில்லை. இடம் மதுரைக்கு மேற்கே, நாகமலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியின் ஆய்வகம். காற்றும் ஈரமும் புகாத க்ளோவ் பாக்ஸ் கிடையாது. கண்ணாடியைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் ஒரு ஸ்பின் கோட்டர், ஒரு ஹாட் பிளேட், ஆவியை வெளியே இழுக்கும் ஒரு ஃப்யூம் ஹுட், ஒரு ஸ்ப்ளிட் ஏசி, அவ்வளவுதான் சொத்து. நான் பூச்சு வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் என்பதால் அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"மழைன்னா அப்படித்தாண்ணே, ஈரப்பதம் ஜாஸ்தி. தை பொறந்தா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஏம்மா, அப்ப வருஷத்துல மூணு மாசம் ஆய்வகத்தைப் பூட்டிடலாமா?"

ஈரப்பதம் என்று சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எந்த ஈரம், எந்த நொடியில், எந்த வழியாகப் படலத்துக்குள் நுழைகிறது என்று தெரிந்தால்தான் கதவை அடைக்க முடியும். அதைத்தான் தேடினோம்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு பெரோவ்ஸ்கைட்டை முதன்முதலாகச் சூரிய மின்கலத்தில் வைத்தபோது திறன் 3.8 சதவீதம். இன்று சின்ன அளவு மின்கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. நம் பக்கம் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் பூங்கா மாதிரி வயல்வெளிகளில் நிற்பதெல்லாம் சிலிக்கான். அதில் ஒரு வில்லை பொதுவாக 100 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்கும். பெரோவ்ஸ்கைட்டுக்கு அரை மைக்ரோமீட்டர் போதும், அந்த அளவுக்கு வெளிச்சத்தை உறிஞ்சும். சிக்கலும் அங்கேயேதான். அரை மைக்ரோமீட்டர் படலத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் மேலடுக்கும் கீழடுக்கும் நேரே தொட்டுக்கொள்ளும், மின்னோட்டம் வெளியே வராமல் உள்ளேயே கசியும், திறந்த சுற்று மின்னழுத்தமும் (எதையும் இணைக்காதபோது மின்கலம் காட்டும் வோல்ட்) ஃபில் ஃபேக்டரும் (அந்த வோல்ட்டிலும் உச்ச மின்னோட்டத்திலும் எவ்வளவு பங்கு பயனுக்கு வருகிறது என்ற விகிதம்) சரியும். எவ்வளவு உசத்தியான ரசாயனம் வாங்கினாலும் படலம் சரியில்லை என்றால் மின்கலம் இல்லை.

ரெசிப்பி

இவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது தென் கொரியாவின் சுங்க்யுன்க்வான் பல்கலைக்கழகத்தில் நாம்-கியு பார்க் குழு 2015இல் வெளியிட்ட முறை. கணக்கு மிகவும் எளிது: லெட் அயோடைடு 461 மில்லிகிராம், மெத்தில்அம்மோனியம் அயோடைடு 159, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் 78. மூலக்கூறு எடைகளை அப்படியே மில்லிகிராமாக எழுதியிருக்கிறார்கள், அதாவது மூன்றும் சம மோல். இதை டி.எம்.எஃப். என்ற இன்னொரு கரைப்பான் 600 மில்லிகிராமில் கரைத்து, நிமிடத்துக்கு 4000 சுற்றில் கண்ணாடி மேல் சுழற்ற வேண்டும். படலம் மங்கத் தொடங்கும் முன்பே அரை மில்லிலிட்டர் டைஎத்தில் ஈத்தரை நிதானமாக ஊற்ற வேண்டும். அப்புறம் 65 டிகிரியில் ஒரு நிமிடம், 100 டிகிரியில் இரண்டு நிமிடம். இதில் அவர்களுக்குக் கிடைத்த சராசரித் திறன் 18.3 சதவீதம், அதிகபட்சம் 19.7. க்ளோவ் பாக்ஸ் இல்லாதவர்கள் இந்த முறையைத் தேடிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

ஈத்தர் எதற்கு? கரைசலைச் சும்மா சுழற்றி உலரவிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படிகக் கருக்கள் மட்டும் உண்டாகி, அவை கிளை விட்டு நீளமாக வளரும். கிளைகளுக்கு நடுவே வெறும் கண்ணாடி தெரியும். எதிர்க்கரைப்பான், அதாவது ஆன்ட்டி-சால்வென்ட், சரியான நொடியில் விழுந்தால் டி.எம்.எஃப். சட்டென்று வெளியேறி, பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணற்ற கருக்கள் உண்டாகும். பிறகு கிளை விட இடம் ஏது? ஈத்தருக்கு இன்னொரு குணம் உண்டு. அது டி.எம்.எஃப்.ஐ இழுத்துக்கொண்டு டி.எம்.எஸ்.ஓ.வைப் பெரும்பாலும் விட்டுவிடும். மிச்சமிருக்கும் டி.எம்.எஸ்.ஓ. ஈயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு இடைநிலைச் சேர்மமாக நிற்கும், அதனால் படிகமாவது தாமதப்படும். படலம் இந்தக் கட்டத்தில் கிட்டத்தட்ட நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். ஹாட் பிளேட்டில் வைத்ததும் டி.எம்.எஸ்.ஓ. வெளியேறி, பழுப்பாகி, கறுப்பாகும்.

இந்த ஆய்வகத்தில் ஐப்பசிக்குப் பிறகு இந்தத் தெளிவான கட்டமே வரவில்லை. ஈத்தர் பட்ட மறுகணம் வெள்ளை.

யார் மேல் சந்தேகம்

முதலில் கண்ணாடி. மதுரைப் பக்கம் போர் தண்ணீரில் கழுவினால் உப்புத் திட்டு நிற்கும், ஆனால் இவர்கள் கடைசிக் கழுவலுக்கு அயனி நீக்கிய நீர்தான் வைத்திருந்தார்கள். சோப்பு, நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால், அப்புறம் யுவி-ஓசோன். அதிலிருந்து எடுத்த கண்ணாடியில் ஒரு சொட்டு நீர் வைத்தால் முத்தாக நிற்காமல் பரவியது. கண்ணாடி மேல் பழி இல்லை. தூசி விழுந்தால் வால்நட்சத்திரக் கோடுகள் வரும், அதுவும் இல்லை. கரைசலை 0.45 மைக்ரோமீட்டர் டெஃப்லான் ஃபில்டர் வழியாக விட்டுப் பார்த்தும் மாற்றம் இல்லை. ஹாட் பிளேட்டின் எண்ணை நம்பாமல் மேற்பரப்பில் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டிப் பார்த்தால் திரையில் 100 காட்டும்போது கண்ணாடி மேலே அதற்குச் சில டிகிரி குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அது கோடையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். தவிர, வெளுப்பு ஹாட் பிளேட்டுக்குப் போகும் முன்பே வந்துவிடுகிறதே.

எஸ்.ஈ.எம்., அதாவது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், கல்லூரியில் இல்லை. அதற்கு வெளியே அனுப்பி, வரிசையில் நின்று, வாரக்கணக்கில் காத்திருந்து வரும் நாலு படத்தை விட, மாடிக்கு ஏறி விலங்கியல் துறையின் மைக்ராஸ்கோப்பைக் கடன் வாங்குவது பத்து மடங்கு பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். அதைத்தான் செய்தோம். அதில் இரண்டு விதக் குறைகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஓரங்களில் ஊசி ஊசியாகப் படிகம். இது எதிர்க்கரைப்பான் போய்ச் சேராத இடத்தில் எப்போதும் வருவது. நடுவில், ஈத்தர் விழுந்த இடத்தைச் சுற்றி, வட்ட வட்டமான பள்ளங்கள். படிகத்துக்கு மூலை இருக்கும், விளிம்பு இருக்கும். தானாக இப்படி உருண்டையான பள்ளம் விடாது. வட்டமாக இருந்தால் அங்கே ஒரு திரவத் துளி உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது.

குளிர்ந்த பரப்பில் மூச்சு விட்டால் படியும் நீர்த்துளிகளின் கோலத்தைப் பற்றி ராலே பிரபு 1911இலேயே எழுதியிருக்கிறார். பாலிமர்க்காரர்கள் அதே வழியில், வேகமாக ஆவியாகும் கரைசல் மேல் நீர்த்துளி படியவிட்டு, வேண்டுமென்றே தேன்கூட்டு ஓட்டைகள் செய்கிறார்கள். இங்கே வேண்டாமலே அது நடக்கிறதோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

வெறும் கண்ணாடி

சந்தேகத்தைத் தீர்க்கப் பைசா செலவில்லாத சோதனை ஒன்று செய்தோம். லெட் அயோடைடும் வேண்டாம், எதுவும் வேண்டாம். சுத்தமான வெறும் கண்ணாடியை ஸ்பின் கோட்டரில் வைத்துச் சுழற்றி, அதன் மேல் ஈத்தரை மட்டும் ஊற்றினோம். சைடில் டார்ச் பிடித்திருந்தோம். ஈத்தர் காய்ந்த உடனே கண்ணாடி மேல் மெல்லிய மூட்டம் படிந்து, ஒன்றிரண்டு நொடியில் மறைந்தது. ஈத்தரில் அழுக்கு இருந்தால் கறை தங்கியிருக்கும். இது தங்காமல் மறைந்ததால் நீர்தான். அதே கண்ணாடியில் குளோரோபென்சீனை ஊற்றினால் மூட்டம் இல்லை. ஈத்தர் 35 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் பொருள், குளோரோபென்சீன் 131 டிகிரியில் கொதிப்பது. ஈத்தர் ஆவியாகும் வேகத்தில் கண்ணாடியின் மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைக்கிறது, பக்கத்துக் காற்றில் இருக்கும் நீராவி அதன் மேல் படிகிறது. ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் தம்ளர் வெளிப்பக்கம் வியர்ப்பது எதனாலோ அதனால்தான்.

இங்கே ஒரு கணக்கு போட்டோம். எனக்கு இந்த முழு ஆய்விலும் பிடித்த பகுதி இதுதான். மதுரையில் கோடை மத்தியானம் 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மழை நாளில் 26 டிகிரி, 80 சதவீதம். ஈரப்பதம் இரட்டிப்பாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் காற்றில் உள்ள நீராவியின் அழுத்தத்தைக் கணக்கிட்டால் முதலாவதில் சுமார் 2.65 கிலோபாஸ்கல், இரண்டாவதில் சுமார் 2.7. அதாவது நீர் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்! பனிநிலையும், அதாவது நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையும், இரண்டு நாளிலும் 22 டிகிரியை ஒட்டித்தான் வரும். எது மாறுகிறது என்றால், அறை வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் நடுவே உள்ள தூரம். கோடையில் அது 16 டிகிரி, மழையில் 4 டிகிரிக்கும் குறைவு. ஈத்தர் கண்ணாடியை நாலு டிகிரி குளிரவைப்பது ஒரு விஷயமே இல்லை, 16 டிகிரி குளிரவைக்கத்தான் கஷ்டப்படும். நோட்டில் "ஈரப்பதம் 80" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. வெப்பநிலையையும் சேர்த்து எழுதி, இந்த இடைவெளியைக் கணக்குப் போட்டால்தான் அன்றைக்குப் பூசலாமா வேண்டாமா என்று தெரியும்.

இதனால் ஈரப்பதச் சதவீதம் ஒன்றுக்கும் உதவாது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. டி.எம்.எஃப்., டி.எம்.எஸ்.ஓ. இரண்டும் காற்றிலிருந்து நீரை இழுப்பவை, எவ்வளவு இழுக்கும் என்பது சதவீதத்தைப் பொறுத்தது. கரைசலுக்குள் நீர் போனால் லெட் அயோடைடு அதில் கரையாது, வேளைக்கு முன்பே கரு உண்டாகிவிடும். இதையும் பிரித்துப் பார்த்தோம்: உண்மையான கரைசலில் ஈத்தருக்குப் பதில் குளோரோபென்சீன் ஊற்றியதும் வட்டப் பள்ளங்கள் போய்விட்டன, ஆனால் லேசான மங்கல் மிச்சம் இருந்தது. ஆக, பெரிய கதவு பனி படிவது, சின்னக் கதவு கரைசல் நீர் குடிப்பது.

ஏசி

மழைக்காலத்தில் ஈரத்தை எடுக்கட்டும் என்று ஏசியை 20இல் வைத்திருந்தார்கள். ஓடும்வரை ஏசி ஈரத்தை எடுக்கும்தான், வெளியே குழாயில் நீர் சொட்டுவது அதுதான். ஆனால் அறை குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றதும் விசிறி மட்டும் ஓடி, காயிலில் தங்கிய நீரைத் திரும்ப அறைக்குள் ஊதிவிடும். அறை ஏற்கனவே குளிர்ந்து கிடப்பதால் சதவீதம் சட்டென்று ஏறும். 22 டிகிரியில் 70 சதவீதம் என்றால் பனிநிலை 16இல் இருக்கும், இடைவெளி 6 டிகிரிதான். கண்ணாடியும் குளிர்ந்து கிடக்கும். ஏசியை அணைத்துவிட்டு, ஈரநீக்கி ஒன்றை ஓட்டி 30 டிகிரி, 35 சதவீதம் கொண்டுவந்தால் பனிநிலை 13க்கு இறங்கும், இடைவெளி 17. ஆய்வகத்தில் புழுக்கமாக இருக்கும், மேடம் கூட ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு "என்னம்மா இது, அடுப்படி மாதிரி இருக்கு" என்றார்களாம். படலத்துக்கு அதுதான் நல்லது.

கண்ணாடியை முன்பே லேசாகச் சூடாக்கி வைத்துப் பார்த்ததிலும் மூட்டம் குறைந்தது. ஆனால் ஹாட் பிளேட்டிலிருந்து ஸ்பின் கோட்டருக்குப் போவதற்குள் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு வெப்பத்துக்கு ஆறிவிடுவதால் அடுத்தடுத்த படலங்கள் ஒன்று போல வரவில்லை. விட்டுவிட்டோம்.

ஈத்தர் போய் எத்தில் அசிட்டேட் வந்தது

எதிர்க்கரைப்பானை மாற்றுவதுதான் நேரான வழி. குளோரோபென்சீன் பனியைத் தடுக்கும், ஆனால் நீரை ஏறக்குறைய சேர்த்துக்கொள்ளவே சேர்த்துக்கொள்ளாது, நச்சும் அதிகம். எத்தில் அசிட்டேட் 77 டிகிரியில் கொதிக்கிறது, ஈத்தர் அளவுக்குக் குளிரவைக்காது. தன் எடையில் 3 சதவீதம் வரை நீரையும் கரைத்துக்கொள்ளும், அதனால் படலத்தின் மேல் இருக்கும் நீரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். வேல்ஸில் ஸ்வான்சி குழு 2017இல் ஈரக்காற்றில் படலம் செய்ய இதைத்தான் பயன்படுத்தியது. விலையும் கட்டுப்படியாகும். ஒரே நிபந்தனை, பாட்டில் திறந்தே கிடந்தால் அதற்கு முன்பே நீர் குடித்து வயிறு நிறைந்திருக்கும். நீரை உறிஞ்சிக்கொள்ளும் மாலிக்யூலர் சீவ் மணிகளைப் போட்டு மூடி வைக்க வேண்டும்.

ஆனால் பாட்டிலை மட்டும் மாற்றி, ஈத்தருக்கு வைத்திருந்த அதே நொடியில் ஊற்றினால் படலம் கெட்டுப்போகிறது. எத்தில் அசிட்டேட் டி.எம்.எஸ்.ஓ.வோடும் நன்றாகக் கலக்கும். ஈத்தர் விட்டுவைத்ததை இது கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும், அதனால் ஊற்றும் நேரமும் வேகமும் மாறும். எந்த எதிர்க்கரைப்பானிலும் நல்ல மின்கலம் செய்யலாம், ஆனால் சிலவற்றைச் சட்டென்று கொட்ட வேண்டும், சிலவற்றை மெல்ல ஊற்ற வேண்டும் என்று 2021இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு ஒன்று காட்டியது. கட்டுரைகளில் "10வது நொடி" என்று போட்டிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த 10வது நொடி அவர்கள் அறையின் வெப்பம், அவர்கள் ஸ்பின் கோட்டரின் மூடி, அவர்கள் ஃப்யூம் ஹுட்டின் காற்றோட்டம் எல்லாம் சேர்ந்த நொடி. நம் அறையில் அது எட்டாகவும் இருக்கலாம், பதினான்காகவும் இருக்கலாம்.

நம் நொடியைக் கண்டுபிடிக்க மொபைல் போதும். எதையும் ஊற்றாமல் கரைசலை மட்டும் சுழற்றி ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்க வேண்டும். முதலில் வண்ண வளையங்கள் வெளியே ஓடும், பிறகு அவை நிற்கும், சற்று நேரத்தில் பரப்பு திடீரென்று மங்கும். அந்த மங்கும் கணத்துக்கு ஒன்றிரண்டு நொடி முன்னால்தான் ஊற்ற வேண்டும். தினமும் காலையில் முதல் கண்ணாடியை இதற்கென்றே செலவழிப்பது என்று முடிவு செய்தார்கள். ஃப்யூம் ஹுட்டின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கும் டேப் ஒட்டிக் குறி வைத்தார்கள், ஏனென்றால் அது நாலு விரல் நகர்ந்தாலே நொடி மாறுகிறது. பிப்பெட்டைப் பிடிக்கும் உயரம், சாய்வு எல்லாம் அந்தப் பெண்ணின் கையில் தானாக அமைந்துவிட்டது; புதிதாக வந்த தம்பிக்கு மட்டும் ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தோம்.

12.7 டிகிரியில் ஒரு பீக்

படலம் பளபளப்புக்குத் திரும்பிய பிறகும் எந்தப் படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் (எக்ஸ்.ஆர்.டி.) ஒரு குறை நின்றது. பெரோவ்ஸ்கைட்டின் 14.1 டிகிரி பீக் நன்றாக வந்தது, ஆனால் அதற்கு முன்னால் 12.7இல் லெட் அயோடைடின் பீக்கும் தலைகாட்டியது. அதிக நேரம் சூடாக்கினால் மெத்தில்அம்மோனியம் ஆவியாகிப் போய் இது வரும். நேரத்தைக் குறைத்துப் பார்த்தும் போகவில்லை.

காரணம் தராசுப் பக்கம் இருந்தது. மெத்தில்அம்மோனியம் அயோடைடு நீரை இழுக்கும் உப்பு. மழை நாளில் பாட்டிலைத் திறந்து நிதானமாக 159 மில்லிகிராம் எடை போடும்போது அதில் சில மில்லிகிராம் நீர்தான். அந்த அளவுக்கு லெட் அயோடைடு மிஞ்சிவிடும். கொஞ்சம் மிஞ்சுவது படிக எல்லைகளுக்கு நல்லது என்று வேண்டுமென்றே கூடுதலாகப் போடுபவர்கள் உண்டு. ஆனால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்து போடுவது வேறு, வானிலையைப் பொறுத்து மிஞ்சுவது வேறு. உப்பை வெற்றிட அடுப்பில் உலர்த்தி, ஒருமுறைக்கு ஆகும் அளவுகளாகச் சின்னச் சின்னக் குப்பிகளில் ஒரே நாளில் பிரித்து மூடி வைத்ததும் அந்த பீக் அடங்கியது. சொந்தமாக இந்த உப்பைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஹைட்ரோ அயோடிக் அமிலத்தோடு நிலைப்படுத்தியாக ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் சேர்ந்து வரும், சரியாகப் படிகமாக்கிச் சுத்தம் செய்யாவிட்டால் அதன் மிச்சம் கரைசலின் போக்கையே மாற்றும். பாட்டிலுக்குப் பாட்டில் படலம் மாறினால் அங்கே தேடுங்கள்.

பெட்டி

க்ளோவ் பாக்ஸ் வாங்க லட்சக்கணக்கில் ஆகும், அப்புறம் நைட்ரஜன் செலவு மாதாமாதம். அக்ரிலிக் ஷீட்டை வெட்டி ஒட்டிய ஒரு பெட்டிக்குள் ஸ்பின் கோட்டரை வைத்து, மீன் தொட்டிப் பம்ப் ஒன்றால் உள்காற்றை சிலிக்கா ஜெல் குழாய் வழியாகச் சுற்றவிட்டார்கள். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் வறுத்துத் திரும்பப் போடலாம். ஈரமானிகளை நம்ப வேண்டாம். மலிவானவை பத்து சதவீதம் கூடத் தப்பாகக் காட்டும். சமையல் உப்பைக் கொஞ்சம் நீரில் குழைத்து, மூடிய டப்பாவில் ஈரமானியோடு ஒரு ராத்திரி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். மெக்னீசியம் குளோரைடு என்றால் 33. இரண்டு புள்ளி கிடைத்துவிட்டால் ஈரமானியை அளவு திருத்திவிடலாம்.

ஹாட் பிளேட்டைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, அதற்கு இரண்டு காரணம். 100 டிகிரிக்குச் சூடான பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதச் சதவீதம் மிகமிகக் குறைவு, அங்கே பனி படிய வழியே இல்லை. சொல்லப்போனால் சூடாக்கும் கட்டத்தில் மிதமான ஈரம் படிகம் பெரிதாக உதவும் என்று 2014இலேயே பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் யாங் யாங் குழு 30 சதவீத ஈரக்காற்றில் வளர்த்த படலத்தில் 19.3 சதவீதத் திறன் எடுத்தது. இரண்டாவது காரணம் தீ. மூடிய பெட்டிக்குள் எரியும் கரைப்பானின் ஆவியும் சூடான காயிலும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஈத்தரை அந்தப் பெட்டிக்குள் கொண்டுபோவதையே நிறுத்தச் சொன்னேன், அதன் ஆவி ஒரு சின்னப் பொறிக்குக் கூடப் பற்றிக்கொள்ளும். எத்தில் அசிட்டேட்டும் எரியும் பொருள்தான், அதனால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் பிறகு பெட்டியை ஃப்யூம் ஹுட்டுக்குள் திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டு, காற்று மறுபடி உலரும்வரை காத்திருக்க வேண்டும். வேலை மெதுவாகும், பரவாயில்லை.

கையுறை விஷயமும் சொல்லிவிடுகிறேன். சாதாரண நைட்ரைல் கையுறையை டி.எம்.எஃப். சீக்கிரமே ஊடுருவும், டி.எம்.எஸ்.ஓ. தோல் வழியாக மற்றதையும் உள்ளே எடுத்துப்போகும், கரைசலில் இருப்பதோ ஈயம். துளி பட்டால் அந்தக் கணமே கையுறையை மாற்ற வேண்டும். கழிவு தனி கேனுக்கு, சிங்க்குக்கு இல்லை.

எப்படி வந்தது

ஈரநீக்கி, எத்தில் அசிட்டேட், மறுபடி கண்டுபிடித்த நொடி, உலர்ந்த உப்பு, பெட்டி. இத்தனையும் சேர்ந்த பிறகு கார்த்திகை மழையிலேயே தெளிவான இடைநிலைப் படலம் திரும்ப வந்தது. மைக்ராஸ்கோப்பில் வட்டப் பள்ளங்கள் இல்லை. ஊசிப் படிகங்கள் கடைசி ஓரத்தில் மட்டும் ஒதுங்கிவிட்டன. உறிஞ்சல் நிறமாலையில் 780 நானோமீட்டர் அருகே விளிம்பு செங்குத்தாக ஏறியது. ஓட்டைப் படலங்களில் அந்த விளிம்புக்கு அப்புறமும் ஒளிச்சிதறலால் வால் நீண்டுகொண்டிருந்தது. பிற்பாடு வெளியே எடுத்த எஸ்.ஈ.எம். படங்களும் இதையே சொல்லின. இருட்டில் எடுத்த மின்னோட்ட வரைபடத்தில் கசிவு குறைந்திருந்தது.

எது எவ்வளவு உதவியது என்று கேட்டால், ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில் எத்தில் அசிட்டேட்டுக்கு முதலிடம், ஈரநீக்கிக்கு இரண்டாமிடம். பெட்டி இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். திறன் சதவீதத்தை இங்கே எழுதவில்லை. அங்கே இருக்கும் விளக்கு அளவு திருத்தப்படாதது, மின்கலத்தின் பரப்பை வரையறுக்கும் மாஸ்க்கும் அப்போது இல்லை. அந்த நிலையில் எடுத்த எண்ணைப் போட்டு யாரை ஏமாற்றப்போகிறோம்?

சித்திரை, வைகாசியில் வேறு கூத்து. அந்த மாதங்களில் ஏசி நின்றால் அறை 38 டிகிரியைத் தொடும், ஈத்தர் பிப்பெட்டுக்குள்ளேயே கொதித்துத் தானாகச் சொட்டும், எந்த நொடியில் விழுகிறது என்பதே நம் கையில் இல்லை. முந்தின கோடையில் நல்ல படலங்கள் எல்லாம் ராத்திரி வேலையில் வந்தவை என்று நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. அந்தப் பெண் அதை ராசி என்று நினைத்திருந்தாராம். எத்தில் அசிட்டேட்டில் இந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் வெயிலில் கரைசல் சீக்கிரம் உலர்வதால் ஊற்றும் நொடி முன்னுக்கு வரும், காலை வீடியோ அப்போதும் வேண்டும்.

இப்போது அவர்கள் பெரிய கண்ணாடிக்குப் போகப் பார்க்கிறார்கள். அங்கே எதிர்க்கரைப்பான் ஊற்றும் வித்தை செல்லாது, நடுவில் விழுவது ஓரம் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். அதற்குப் பதில் உலர்ந்த காற்றை மெல்லிய கீற்றாக ஊதிக் கரைப்பானை விரட்டும் முறையை முயல்கிறார்கள். பட்டறைக் கம்ப்ரஸர் காற்றில் நீரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வருவதால் படலத்தில் புள்ளி விழுகிறது. அதற்கு ஒரு எண்ணெய் வடிகட்டியும், பின்னால் இன்னொரு சிலிக்கா ஜெல் குழாயும் சொல்லியிருக்கிறேன். வடிகட்டி இன்னும் வந்து சேரவில்லை.